பெயர் உங்களுடையது... குற்றம் யாருடையது?



டில்லியில் உங்கள் பெயரில் ஒரு கம்பெனி நடந்து கொண்டிருக்கலாம். அது பழைய இரும்பு விற்கிறது. தாமிரம் விற்கிறது. மாதம் பல கோடிக்கு பில் போடுகிறது. அதன் முதலாளி நீங்கள்தான்! அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் உங்கள் பெயர், தகப்பனார் பெயர், புகைப்படம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நீங்களோ ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறீர்கள். அல்லது மண்ணடியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறீர்கள். டில்லியை நீங்கள் கண்ணால் கண்டது கூட இல்லை.

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்காதீர்கள். நடந்து கொண்டிருக்கிறது!

2023ஆம் ஆண்டு மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் போலி ஜி.எஸ்.டி. பதிவுகளைத் தேடும் பணியை மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தின. இரண்டே மாதத்தில் 21,791 நிறுவனங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று தெரிய வந்தது. இவற்றின் மூலம் 24,010 கோடி ரூபாய் வரி ஏய்க்கப்பட்டிருக்கலாம் என்று அரசே கணக்குச் சொன்னது. இல்லாத அந்தக் கம்பெனிகளுக்கும் காகிதத்தில் ஒரு முதலாளி உண்டு. அந்த முதலாளிகளில் பலர் யார் தெரியுமா? கூலித் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், வேலை தேடும் வாலிபர், விதவைப் பெண். தன் பெயரில் கோடிகள் புரண்டதை நோட்டீஸ் வந்த பிறகே அறிந்தவர்கள்!

இது எப்படி நடக்கிறது?

மோசடிக்காரனுக்கு வேண்டியது உங்கள் பான் கார்டு, ஆதார், ஒரு புகைப்படம். கடன் வாங்கித் தருகிறேன் என்பான். வேலை வாங்கித் தருகிறேன், அரசு உதவித் தொகை வாங்கித் தருகிறேன் என்பான். நீங்கள் ஜெராக்ஸ் கொடுப்பீர்கள். 2023ல் குஜராத் மாநிலம் பாலிதானாவில் ஏழைகளை ஆதார் மையத்துக்கு அழைத்துப் போய், ஆதாரோடு இணைந்த செல்போன் எண்ணையே மாற்றி வைத்த கதை அம்பலமானது. எண் மாறிவிட்டால் ஓ.டி.பி. அவனுக்குத்தான் போகும். அதன் பிறகு உங்கள் பெயரில் அவன் எந்தக் கதவையும் திறக்கலாம்.

ஜி.எஸ்.டி. பதிவு கிடைத்ததும் சரக்கே இல்லாமல் பில் போடத் தொடங்குகிறான். அந்த பில்லை வாங்குகிறவர், "நான் வரி கட்டித்தான் சரக்கு வாங்கினேன்" என்று காட்டித் தன் வரியைக் கழித்துக் கொள்கிறார். பில் போட்ட கம்பெனியோ அரசுக்கு ஒரு காசும் உண்மையில் கட்டவில்லை. சில மாதங்களில் போர்டைக் கழற்றிக் கொண்டு ஓடி விடுகிறான். அவன் போய் விட்டான்... பெயர் இருக்கிறது! அந்தப் பெயர் உங்களுடையது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பதிவில் அவன் கொடுத்தது அவனுடைய செல்போன் எண், அவனுடைய ஈ-மெயில். துறை அனுப்பும் நோட்டீஸ் அங்கேதான் போகிறது. ஜி.எஸ்.டி. தளத்திலும் ஈ-மெயிலிலும் நோட்டீஸ் அனுப்ப சட்டம் அனுமதிக்கிறது. நோட்டீஸ் போயிற்று, பதில் வரவில்லை, எனவே உத்தரவு போட்டோம் என்று கோப்பு முடிந்து விடும். உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட அன்றுதான் உங்களுக்கே சேதி வரும். ஓராண்டு கழித்து ஊருக்கு வந்த பிணத்தைப் போல!

நிரபராதி என்பது மட்டும் போதுமா?

"நான்தான் ஒன்றும் செய்யவில்லையே! எனக்கென்ன பயம்?" என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்புதான் ஆபத்து. லண்டனில் நடந்த ஒரு பழைய வழக்கைக் கேளுங்கள்.

அடால்ஃப் பெக் என்பவர் நார்வே நாட்டுக்காரர். பெரிய பிரபு என்று சொல்லிப் பெண்களிடம் நகைகளைப் பறித்து ஏமாற்றியவன் இவர்தான் என்று 1895ல் கைது செய்யப்பட்டார். பல பெண்கள் அடையாளம் காட்டினார்கள். கையெழுத்து நிபுணர் ஒருவரும் இவருடைய எழுத்துதான் என்று சாட்சி சொன்னார். 1877ல் இதே பாணியில் ஏமாற்றித் தண்டனை பெற்ற ஜான் ஸ்மித் என்பவனும் இவரும் ஒருவரே என்று போலீஸ் நம்பியது. பெக் 1877ல் லண்டனிலேயே இல்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் இருந்தார். அதைச் சாட்சியோடு காட்ட அவரது வக்கீல் முயன்றார். நீதிபதி அனுமதிக்கவில்லை. 1896ல் ஏழாண்டு தண்டனை!

1898ல் சிறைப் பதிவேட்டில் இருந்த உடல் அடையாளக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்த போது, ஸ்மித் வேறு, பெக் வேறு என்பது தெளிவாகி விட்டது. அப்போதும் விடுதலை இல்லை. 1901ல் வெளியே வந்தவரை 1904ல் அதே போன்ற புகாரில் மீண்டும் பிடித்து மீண்டும் குற்றவாளி என்றார்கள். தீர்ப்பின் தண்டனை அறிவிக்கப்படும் முன்பு உண்மையான திருடன் தற்செயலாகச் சிக்கியதால்தான் பெக் தப்பினார். மன்னிப்பும் நஷ்டஈடும் கொடுத்தார்கள். இந்த வழக்கு கிளப்பிய கொந்தளிப்பால் இங்கிலாந்தில் 1907ல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமே ஏற்படுத்தப்பட்டது. பெக்கின் இழந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

சகோதரர்களே, அந்த மனிதரைக் காப்பாற்றக் கூடிய சான்று அரசாங்கத்தின் அலமாரியிலேயே இருந்தது! உரிய நேரத்தில் எடுத்துப் பார்க்க ஆளில்லை. உங்கள் வழக்கிலும் இதுதான் நிலைமை. உங்களைக் காப்பாற்றும் காகிதங்கள் பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. அவை ஜி.எஸ்.டி. அலுவலகத்தில், வங்கியில், செல்போன் கம்பெனியில் கிடக்கின்றன. அவற்றைத் தேதியோடு, எழுத்து மூலமாக, விரைவாகக் கேட்டு வாங்க வேண்டியவர் நீங்கள்தான்.

நோட்டீஸ் வந்தால் முதலில் செய்யக் கூடாதவை

ஒளிந்து கொள்ளாதீர்கள். தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தாலும் நோட்டீஸ் நோட்டீஸ்தான். மறைந்தவன் மீது சந்தேகம் கூடும்.

அந்த ஜெராக்ஸை வாங்கிப் போன புரோக்கரிடமே ஓடாதீர்கள். "நான் பார்த்துக் கொள்கிறேன்" என்பான். அவன் பார்த்துக் கொள்வது தன்னைத்தான்.

"கொஞ்சம் பணம் கட்டி முடித்து விடலாம்" என்ற ஆலோசனைக்குச் செவி சாய்க்காதீர்கள். முன்கூட்டியே வரியைக் கட்டினால் அபராதம் குறையும் என்று சட்டத்தில் சலுகை இருப்பது உண்மை. வரி ஏய்த்தவனுக்கான சலுகை அது. செய்யாத வியாபாரத்துக்கு நீங்கள் ஒரு ரூபாய் கட்டினாலும், "கம்பெனி என்னுடையதுதான்" என்று கையெழுத்துப் போட்டது போலாகி விடும்.

இன்னொன்று, நோட்டீஸே போலியாக இருக்கலாம்! உங்கள் ஆதாரில் மோசடி நடந்திருக்கிறது, நாங்கள் சி.பி.ஐ., வீடியோவில் வாருங்கள், "டிஜிட்டல் அரெஸ்ட்" செய்கிறோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் பெருகியிருக்கிறது. டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. போனில் பணம் கேட்பவன் அதிகாரி இல்லை, திருடன். உண்மையான ஜி.எஸ்.டி. கடிதத்தில் டி.ஐ.என். என்ற ஆவண அடையாள எண்ணோ, ஜி.எஸ்.டி. தளம் தரும் ஆர்.எஃப்.என். எண்ணோ இருக்கும். அதைத் துறையின் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

ஒன்று. ஜி.எஸ்.டி. தளத்தில் "பான் மூலம் தேடு" என்ற வசதி இருக்கிறது. உங்கள் பான் எண்ணைப் போட்டால் அதில் எத்தனை பதிவுகள் இருக்கின்றன, எந்த மாநிலத்தில் என்று வந்து விடும். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறி. தமிழ்நாட்டுக்கு 33, டில்லிக்கு 07. அடுத்த பத்தும் உங்கள் பான் எண்ணேதான். திரையில் வந்ததைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

இரண்டு. அன்றே போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "டில்லியில் நடந்தது, அங்கே போ" என்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். ஸ்டேஷனில் மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அங்கும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பிறருடைய அடையாளத்தைத் திருடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆள் மாறாட்டமும், போலி ஆவணத் தயாரிப்பும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தனித்தனிக் குற்றங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

மூன்று. அந்தப் பதிவு எந்த ஜி.எஸ்.டி. அலுவலகத்தின் கீழ் இருக்கிறதோ, அந்த அதிகாரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். "இந்தப் பதிவுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. இதை ரத்து செய்யுங்கள். விண்ணப்பத்தோடு கொடுக்கப்பட்ட புகைப்படம், வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, செல்போன் எண், ஈ-மெயில், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நகலைத் தாருங்கள்" என்று கேளுங்கள். போலீஸ் ரசீதின் நகலை இணையுங்கள். கடிதத்தின் நகலும் தபால் ரசீதும் உங்கள் கோப்பில் இருக்கட்டும். வாயால் ஆயிரம் முறை சொன்னதற்குச் சாட்சி இல்லை.

நான்கு. காரணம் கேட்கும் நோட்டீசுக்குக் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். "எனக்கு எதுவும் தெரியாது" என்ற ஒற்றை வரி போதாது. பதிவு என்னுடையது இல்லை, கையெழுத்து என்னுடையது இல்லை, அந்த முகவரியில் நான் இருந்ததில்லை, அந்த வங்கிக் கணக்கை நான் தொடங்கவில்லை, ஒரு ரூபாய் கூட என்னிடம் வரவில்லை என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். நேரில் விசாரணை வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 75ஆவது பிரிவு.

ஐந்து. உத்தரவே வந்து விட்டதா? மனம் உடைய வேண்டாம். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம் தருவார்கள். அதற்கு மேல் கதவு சாத்தப்படும். பிரச்சினைக்குரிய வரியில் பத்து சதவீதம் கட்ட வேண்டும் என்பது இங்கே இடிக்கும். ஐந்து கோடி வரிக்கு ஐம்பது லட்சம்! கூலித் தொழிலாளி எங்கே போவான்? இத்தகைய நிலையில் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழி உண்டு. எனக்கு நோட்டீஸே வரவில்லை, அடையாளம் திருடப்பட்டது, போலீஸ் புகார் இந்தத் தேதியில் கொடுத்திருக்கிறேன் என்று காட்ட அந்தக் கோப்புதான் உங்களுக்குக் கை கொடுக்கும்.

ஆறு. வங்கிக் கணக்கு முடக்கப்பட்டால், யார் முடக்கியது என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. துறை என்றால் டி.ஆர்.சி-22 என்ற உத்தரவு இருக்கும். அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கத் தனிப் படிவம் உண்டு. போலீஸ் என்றால் எந்த ஊர், எந்த ஸ்டேஷன், வழக்கு எண் என்ன, எவ்வளவு தொகை சம்பந்தப்பட்டது என்பதை வாங்குங்கள். உரிய மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து கணக்கை விடுவிக்கக் கோரலாம்.

கைது என்ற பயம்

ஐந்து கோடிக்கு மேல் போலி பில் மோசடி என்றால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 132ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. ஜாமீனில் விட முடியாத குற்றம். இதைக் கேட்டதும் பலருக்குக் கை கால் ஓடாது. ஆனால் சட்டம் உங்களுக்கும் கேடயம் தந்திருக்கிறது.

2025 பிப்ரவரி 27 அன்று உச்சநீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. கைது சம்பந்தமாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ள பாதுகாப்புகள் ஜி.எஸ்.டி. அதிகாரிகள் செய்யும் கைதுக்கும் பொருந்தும் என்றது. எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டாலும் கைது பயம் உண்மையாக இருந்தால் முன்ஜாமீன் கேட்கலாம் என்றது. கைது செய்து விடுவோம் என்று மிரட்டி வரி கட்ட வைத்தால், பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் சொன்னது. இதை உங்கள் வக்கீலிடம் நினைவூட்டுங்கள்.

விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸோ சம்மனோ வந்தால் வக்கீலைக் கலந்து கொண்டு போங்கள். போகாமல் இருக்காதீர்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ஊகத்தைச் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாசித்துக் காட்டி விளங்கிய பிறகே பேனாவை எடுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின் போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையும் உண்டு. இவை யாரும் போடும் பிச்சை இல்லை. உங்கள் உரிமை.

நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். பதிவு நடந்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? துபாயிலோ ரியாத்திலோ இருந்தால் உங்கள் பாஸ்போர்ட்டின் முத்திரையே பேசும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள்! உள்ளூரில் வேலையில் இருந்தால் வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு பேசும். அந்த செல்போன் எண்ணை யார் வாங்கியது, அந்தக் கணக்கிலிருந்து பணம் யாருக்குப் போனது, வங்கியில் கணக்குத் தொடங்கியவரின் முகம் எது என்று விசாரிக்கக் கேளுங்கள். கேமராப் பதிவுகளும் போன் பதிவுகளும் காலம் கடந்தால் அழிந்து விடும். அதனால்தான் முதல் வாரத்திலேயே எழுதுங்கள் என்கிறோம். கையெழுத்து நிபுணரை மட்டும் நம்பியிராதீர்கள். பெக்கின் கதையை மறக்க வேண்டாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், காவலில் இருப்போர், ஆலைத் தொழிலாளர்கள், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டியது அதன் கடமை. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

திருடப்பட்டதா? கொடுத்தீர்களா?

இளைஞர்களே, உங்களிடம் கொஞ்சம் கசப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

"உன் பெயரில் ஒரு அக்கவுண்ட் தொடங்கு. ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் என்னிடம் கொடு. மாதம் ஐயாயிரம் வரும்" என்று யாராவது சொன்னால், சும்மா வரும் பணம்தானே என்று கொடுத்து விடுகிறார்கள் சிலர். பிறகு போலீஸ் வந்ததும், "என் அடையாளத்தைத் திருடி விட்டார்கள்" என்கிறார்கள். அது திருட்டா? வாடகைக்கு விட்டதற்குத் திருட்டு என்று பெயர் சொல்ல முடியுமா? சட்டம் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்: உனக்கு என்ன கிடைத்தது? உன் கணக்கில் வந்த அந்த ஐயாயிரம் உனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் வக்கீலிடம் ஒளிக்காதீர்கள். பொய்யான வாதம் நடுவழியில் உடைந்தால், பிறகு சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். இப்போதே வெளியே வந்து, யாரிடம் கொடுத்தேன் என்று முழுவதையும் சொல்பவருக்கு வழி இருக்கிறது. பெயர் என்பது நம் தகப்பன்மார் நம்மிடம் விட்டுச் சென்ற அமானிதம். அதை மாத வாடகைக்கு விடுவதா?

வியாபாரப் பெருமக்களே, உங்களிடமும் ஒரு கேள்வி. சரக்கு வராமல் பில் மட்டும் குறைந்த கமிஷனுக்குக் கிடைக்கிறது என்று புரோக்கர் வந்தால் என்ன செய்கிறீர்கள்? அந்த பில்லை யாரோ வாங்குவதால்தானே அவன் அச்சடிக்கிறான்? வாங்க ஆளில்லையென்றால் ஏழையின் ஆதாரை அவன் ஏன் திருடப் போகிறான்? பில் வாங்குகிறவர் வரியை மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. எங்கோ ஒரு கூலித் தொழிலாளியின் பெயரை விலைக்கு வாங்குகிறார். நாளை கழித்த வரியையும், வட்டியையும், அபராதத்தையும் அவரே கட்ட வேண்டி வரும். சிறைக்கதவும் அவருக்குத் திறந்திருக்கும். புது ஆளிடம் சரக்கு வாங்கும் முன் ஜி.எஸ்.டி. எண்ணைத் தளத்தில் தட்டிப் பாருங்கள். குடோனை நேரில் போய்ப் பாருங்கள். லாரி ரசீதையும் ஈ-வே பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

உங்கள் கடைப் பையன்களின் ஆதார் நகல்கள் மேஜை டிராயரில் குப்பையாகக் கிடக்கின்றனவா? பூட்டி வையுங்கள். அது அவர்களுடைய மானம்.

வருமுன் காக்க

ஜெராக்ஸ் கொடுக்கும் போது, எந்தத் தேதியில், யாருக்கு, எதற்காக என்று அதன் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்திடுங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரைப் பதிவிறக்கம் செய்து பயன்படுத்தலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியை ஆதார் ஆணையமே தருகிறது. உங்கள் ஆதார் எங்கெல்லாம் பயன்படுத்தப்பட்டது என்ற பட்டியலும் அங்கே கிடைக்கும். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, தெரியாததைத் துண்டிக்கச் சொல்லலாம். சிபில் போன்ற நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகப் பெறலாம். வருமானவரித் தளத்தில் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கிறது. உங்கள் பெயரில் காட்டப்பட்ட ஜி.எஸ்.டி. விற்பனை கூட அதில் வரும். உங்களுடையது இல்லையென்றால் அங்கேயே மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, ஊர்ப் பெரியவர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை.

ஒரு வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றால் போதும், ஊர் தீர்ப்பு எழுதி விடுகிறது. பேசிய கல்யாணம் நின்று போகிறது. கடைக்குச் சரக்குக் கடன் நின்று போகிறது. அந்த வெட்கத்துக்குப் பயந்தே பலர் வந்த நோட்டீசை மறைத்து வைக்கிறார்கள். மறைத்த மூன்று மாதத்தில் மேல்முறையீட்டுக் கெடு ஓடி விடுகிறது! ஆக, குற்றமற்ற ஒருவரைக் குற்றவாளியாக்குவதில் நம் நாக்குக்கும் பங்கு இருக்கிறது. விசாரிக்காமல் பேசாதீர்கள். ஒரு வக்கீல், ஒரு ஆடிட்டர், கம்ப்யூட்டர் தெரிந்த நான்கு இளைஞர்கள் இருந்தால் போதும். மாதத்தில் ஒரு மாலை, ஜமாஅத் அலுவலகத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பான் எண்ணைத் தட்டிப் பார்த்துச் சொல்லலாம். எழுதத் தெரியாதவருக்குப் புகார் எழுதிக் கொடுக்கலாம். ஒரு குடும்பம் தெருவுக்கு வராமல் தடுக்க இவ்வளவே போதும்.

இந்த இதழை மடித்து வைக்கும் முன்பு உங்கள் பான் எண்ணை ஒரு முறை தேடிப் பாருங்கள். வீட்டிலுள்ள பெண்களின் எண்ணையும், வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். ஏதாவது இருந்தால் விடிந்ததும் முதல் வேலை, போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்து ரசீது வாங்குவதுதான்!